மனுவைத் திருப்பிப் படித்துக் காட்டியவர்

என் தங்கை முதன்முதலாகத் தேர்தலில் நின்றபோது நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியராக இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குச் சென்ற முதல் ஆள் நான். மண்ணூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை, என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டு வணக்கம் சொன்னவர்கள் பலர். தங்கையின் வேட்பு மனுவில் முன்மொழிந்து கையெழுத்திட வந்தவர்கள்கூட, "ஹெச்.எம். சாரோட தங்கச்சி" என்று சொல்லித்தான் அவரை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். பின்னாளில் அது தலைகீழாயிற்று. வங்கியிலும் மருத்துவமனையிலும் என்னைச் "சேர்மன் அம்மாவோட அண்ணன்" என்று சொல்லி நாற்காலி போட்டார்கள். இதை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. இக்கட்டுரையில் நான் சொல்லப்போகும் செய்தி ஒன்று எனக்குப் பெருமை சேர்க்காது. அதைச் சொல்பவன் யார், எந்த இடத்தில் நின்றவன் என்பதைப் படிப்போர் அறிந்திருப்பது நல்லது.

தங்கையை 'அவர்' என்று எழுதுகிறேன். தங்கை இருந்தவரை நீ, வா, போ என்பவற்றைத் தவிர வேறு சொல் என் வாயில் வந்ததில்லை. சட்டமன்ற உறுப்பினர் ஆனபோதும், அரசு வாரியத்தின் தலைவராகி அரசாங்கக் காரில் வந்து இறங்கியபோதும் அப்படித்தான். ஒருமுறை அவரே, "ஊரே எனக்கு 'ங்க' போடுது. நீ மட்டும் போட மாட்டியாண்ணா?" என்று கேட்டுச் சிரித்தார். உனக்குப் பால்பல் விழுந்ததைப் பார்த்தவன் நான் என்று பதில் சொன்னேன். இப்போது எழுதுகிற ஒவ்வொரு 'அவர்' என்னும் சொல்லும் தங்கையை என்னிடமிருந்து சற்றுத் தள்ளி வைக்கிறது. ஆயினும் நினைவு மலரில் அதுவே முறை.

சென்ற ஆண்டு தங்கையின் பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தலில் எனக்குப் பின்வரிசையில் அமர்ந்திருந்த இருவர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. இருவருமே அண்மைக் காலத்தில் இப்பகுதிக்குக் குடிவந்தவர்கள். என்னை அடையாளம் அறியாதவர்கள்.

"ரோடு இன்னாத்துக்கு அங்க அப்டி வளையுது தெரிமா? வாத்தியார் வூடு கீது இல்ல, அதுக்கோசரம். அண்ணன் வூட்ட வுட்டுட்டு வளைச்சிகினு போயிருக்குது அந்தம்மா."

"இருக்கட்டுமேப்பா. கூடப் பொறந்தவன் வூடு. நானா இருந்தாலும் வளைச்சிருப்பேன்."

முதலாமவர் குறை சொன்னதைக் காட்டிலும் இரண்டாமவர் பரிந்து பேசியதுதான் எனக்கு அதிகம் வலித்தது. ஒரகடம் செல்லும் இணைப்புச் சாலையில் எங்கள் வீட்டருகே இருக்கும் அந்த வளைவை ஷேர் ஆட்டோ ஓட்டுநர்கள் 'வாத்தியார் வளைவு' என்கிறார்கள். இறங்குவோரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் நிறுத்தச் சொல்கிறார்கள். இருபது ஆண்டுக்கு மேல் பொதுவாழ்வில் இருந்த ஒருவரின் நேர்மையைப் பற்றி ஒரு பொய், பேருந்து நிறுத்தத்தின் பெயரைப் போல அன்றாடம் உச்சரிக்கப்படுகிறது.

தங்கையின் மகள் இம்மலருக்காகத் தன் தாயாரின் பொதுவாழ்வைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டபோது ஒரு நிபந்தனையும் வைத்தாள். "அந்த ரோடு மேட்டர் மட்டும் வேணாம் மாமா. கிளறுனா இன்னும் பத்து பேர் பேசுவாங்க. உங்களுக்கும் நல்லாருக்காது." எண்ணம் நல்ல எண்ணமே. நான் வாய்மூடி இருந்தால் என் பெயர் காப்பாற்றப்படும், தங்கையின் பெயர் அப்படியே கிடக்கும். அந்த ஏற்பாட்டுக்கு என்னால் உடன்பட முடியவில்லை.

தங்கை மண்ணூரில் பிறந்தவர். தந்தையார் கிராமத் தலையாரி. கணக்குப்பிள்ளை சொல்வதை ஊருக்கும், ஊர் சொல்வதைக் கணக்குப்பிள்ளைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவருடைய உத்தியோகம். ஏரிக்குக் கீழே கிணற்றோடு கூடிய ஒரு சிறு கொல்லை எங்களுக்கு இருந்தது. அன்னையார் அதில் கத்தரியும் வேர்க்கடலையும் போட்டு எங்களை வளர்த்தார். எனக்கும் தங்கைக்கும் ஆறு ஆண்டு இடைவெளி. எங்கள் இருவரைத் தவிர வேறு பிள்ளைகள் நிலைக்கவில்லை.

தாலுகா அலுவலகத்துக்கு மனு கொடுக்க வேண்டியவர்கள் தந்தையாரைத் தேடி வருவார்கள். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், எழுத வராது. ஆகவே மனுக்களை நான் எழுதினேன். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே, 'ஐயா அவர்களின் மேலான சமுகத்துக்குப் பணிவுடன் விண்ணப்பித்துக்கொள்வது' என்று தொடங்கி ஒரு பக்கம் தடங்கலின்றி எழுதுவேன். எழுதியதை வந்தவருக்குப் படித்துக் காட்டுவது தங்கையின் வேலை. எழுதியபடியே படித்தால் அவர்களுக்கு விளங்காது. எனவே ஊர்ப் பேச்சுக்கு மாற்றிச் சொல்வார்.

ஒருநாள் ஒரு பெண்மணி, மழைத்தண்ணீர் வீட்டுக்குள் புகுந்துவிடுகிறது என்று அழுதுகொண்டு வந்தார். பக்கத்து வீட்டாரின் ஆக்கிரமிப்பை அகற்றி உரிய நடவடிக்கை எடுக்கும்படி நான் எழுதிக் கொடுத்தேன். தங்கை அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பக்கத்து வூட்டுக்காரன் செவுத்த இடிக்கணும், அவன் மேல கேஸ் போடணும். இதானக்கா?" என்று கேட்டார்.

அந்தப் பெண்மணி அரண்டுபோனார். "ஐயோ, வேணாம்மா. வாசல்ல ஒரு கால்வா வெட்டிக் குடுத்தாப் போதும். அவங்க வூட்ல எம் பொண்ண குடுத்துருக்கேன்."

தங்கை தாளை என் முன்னே வைத்தார். "கேட்டியா? வேற எழுது."

அப்போது அவருக்குப் பத்து வயது இருக்கும். நன்றாக அமைந்த ஒரு மனுவைக் கிழிக்க நேர்ந்ததே என்று எனக்குக் கோபம் வந்தது நினைவிருக்கிறது. அந்தக் குரல் இப்போதும் செவியில் இருக்கிறது. வேற எழுது என்று சொல்ல இன்று எனக்கு ஒருவரும் இல்லை.

நான் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துப் பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் பெற்றேன். தங்கை பத்தாம் வகுப்போடு நின்றார். ஒரு பிள்ளையைத்தான் மேலே படிக்க வைக்க வீட்டில் வசதி இருந்தது. அந்த ஒருவன் நானாக இருந்தேன். அவர் இதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லி மனத்தை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

சுங்குவார்சத்திரத்தில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே தேநீர்க்கடை வைத்திருந்த குடும்பத்தில் அவரைக் கொடுத்தோம். மைத்துனர் அதிகம் பேசாத, நல்ல மனிதர். தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வேலி போடத் தொடங்கியதும், கடைக்கு மேலே அறைகள் கட்டிச் சிறிய விடுதி ஆக்கினார். தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த பெண்பிள்ளைகள் அங்கே தங்கினார்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த ஒப்பந்தத் தாள்களை அவர்கள் கொண்டுவருவார்கள். தங்கை தமக்குத் தெரிந்த அளவில் எழுத்துக்கூட்டிப் படித்து, தெரியாத சொல்லை என்னிடம் தொலைபேசியில் கேட்டு, பொருளை அவர்களுக்குச் சொல்வார். ஷிஃப்ட் மாற்றம் என்றால் என்ன, ஓ.டி. மறுத்தால் என்ன ஆகும் என்று கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக விளக்குவார். மனு எழுத வேண்டியிருந்தால் அதையும் எழுதினார். என்னைப் போல எழுதவில்லை. நாலே வரி. ஆனால் அந்த நாலு வரிக்குப் பதில் வந்தது.

ஒன்றியக் கவுன்சிலர் இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது கட்சிக்காரர்கள் அவரைத் தேடி வந்ததற்கு அந்த நாலு வரிதான் காரணம். நான் எதிர்த்தேன். கௌரவமான குடும்பத்துப் பெண் மைக் பிடிப்பதா என்று அன்று நான் கேட்டதை மறைக்கப் போவதில்லை. எதிர்த்தாலும், முதல் கூட்டத்துக்கு உரை எழுதிக் கொடுத்தேன். எதுகை மோனையோடு அமைந்த உரை அது. மேடையில் இரண்டு வரி படித்தார். பிறகு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, குடிநீர்க் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்கத் தொடங்கிவிட்டார். மறுநாள் வீட்டுக்கு வந்து, "உன் பேச்சு நல்லாதான் இருந்துச்சுண்ணா, பேசறவ நல்லால்ல" என்றார்.

கவுன்சிலராகி, ஒன்றியக்குழுத் தலைவராகி, பிறகு சட்டமன்ற உறுப்பினரானார். அடுத்த முறை தோற்றார். தோற்ற மறுநாள் காலையிலும் கடையில் உட்கார்ந்து மனு எழுதியதை நான் நேரில் பார்த்தேன். சில மாதங்களில், தொழிற்பேட்டைகளுக்குச் சாலை, குடிநீர், தொழிலாளர் விடுதி ஆகியவற்றை அமைக்கும் அரசு வாரியம் ஒன்றுக்கு அவரைத் தலைவராக நியமித்தார்கள். பத்தாம் வகுப்புப் படித்தவர் பொறியாளர்களுக்குத் தலைவரா என்று பத்திரிகையில் எழுதினார்கள். உண்மையைச் சொன்னால், எனக்குள்ளும் அந்தக் கேள்வி இருந்தது.

அவர் வேலை செய்த முறையை, அவருடன் பணியாற்றி ஓய்வுபெற்ற செயற்பொறியாளர் ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தபோது எனக்கு விவரித்தார். எந்தக் கோப்பு வந்தாலும், கொண்டுவந்தவரை அதை வாயால் சொல்லச் சொல்வாராம். எல்லாம் குறிப்பில் எழுதியிருக்கிறது மேடம் என்று இவர் முதல் வாரத்தில் சலித்துக்கொண்டபோது தங்கை சொன்ன பதிலை அவர் அப்படியே நினைவில் வைத்திருந்தார். "இருக்கட்டும் சார். நீங்க வாயால சொல்லுங்க. வாயால சொல்ல முடியாதத கையெழுத்து போட எனக்கு பயம்."

பெண்கள் ஷிஃப்ட் முடிந்து இறங்கும் நிறுத்தங்களில் விளக்கும் கூரையும் வந்தது அவர் காலத்தில்தான். மறைமலை நகர் பக்கம் தொழிலாளர் விடுதிக்கு அடிக்கல் நாட்டியதும் அவரே. கல்வெட்டில் பெயர் இருப்பதால் அவற்றை விரித்து எழுதவில்லை.

வாரத்தில் ஒரு நாள் ஒரகடம் கிளை அலுவலகத்தில் மனு வாங்குவார். வருகிறவர்கள் பியூனிடம் டோக்கன் வாங்கி வரிசையில் அமர வேண்டும். முறை வந்ததும் தங்கை மனுவை எல்லோரும் கேட்கும்படி எழுதியபடியே படிப்பார். பிறகு அதையே ஊர்ப் பேச்சில் திருப்பிச் சொல்லி, இதுதானே கேட்கிறாய் என்று உறுதி செய்துகொள்வார். அதன் பிறகே குறிப்பு எழுதுவார். உறவினர்களுக்கும் விலக்கு இல்லை. எங்கள் சிற்றப்பா மகன் ஒருவர் நேராக அறைக்குள் நுழைய முயன்றபோது, "வூட்டுக்கு வந்தா சோறு. ஆபீசுக்கு வந்தா டோக்கன்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அதன்பின் உறவினர் எவரும் அங்கே போகவில்லை.

இனிச் சாலைக்கு வருகிறேன்.

ஒரகடத்துக்கு இணைப்புச் சாலை போட வாரியத்தின் பொறியாளர்கள் இரண்டு வரைபடங்கள் தயாரித்தார்கள். முதலாவதில் சாலை நேராகப் போகும். அப்படிப் போனால் ஏரிக்கரைப் புறம்போக்கில் தலைமுறையாகக் குடியிருப்பவர்களின் வீடுகள் இருபதுக்கு மேல் இடிபடும். அவர்களிடம் பட்டா இல்லை. இரண்டாவதில் சாலை ஏரிக்கரையை விட்டு விலகி வளைந்து வரும். அப்படி வந்தால் எங்கள் கொல்லையும் கிணறும் போகும். நான் கட்டிய மாடி வீடு கொல்லையின் ஓரத்தில், சாலையின் எல்லைக்குச் சற்று வெளியே நின்றுவிடும். எந்த வரைபடம் என்று பரிந்துரைக்க வேண்டிய பொறுப்பு வாரியத் தலைவரிடம் இருந்தது.

தங்கை வந்து என்னிடம் கேட்பார் என்று காத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் மூத்தவரைக் கேட்காமல் ஒரு மரம்கூட வெட்டியதில்லை. ஒரு மாதம் ஆயிற்று. நடுவில் ஒரு வளைகாப்பில் சந்தித்தோம். என் சர்க்கரை அளவைப் பற்றிக் கேட்டாரே தவிரச் சாலையைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. உறவினரிடம் அலுவலகச் செய்தியைப் பேசக் கூடாது என்று அவர் வைத்திருந்த விதியை நான் அவமதிப்பாக எடுத்துக்கொண்டேன். அவர் வரமாட்டார் என்று தெரிந்ததும், இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். என் வாழ்நாளில் எழுதியவற்றுள் அதுவே சிறந்தது என்று அப்போது நினைத்தேன். அரசுக்குச் சொந்தமான புறம்போக்கு நிலம் அருகிலேயே இருக்கையில் பட்டா நிலத்தைக் கையகப்படுத்துவது பொதுநலனுக்கு உகந்ததாகாது என்றும், நேர்ப்பாதையே பயண நேரத்தைக் குறைக்கும் என்றும், நீர்நிலைகளின் கரைகளில் குடியிருப்பைத் தவிர்ப்பது மக்களின் பாதுகாப்புக்கே நன்று என்றும் எழுதினேன்.

அந்த வாரம் டோக்கன் வாங்கி வரிசையில் அமர்ந்தேன். என்னிடம் படித்தவர்கள் எழுந்து, முன்னால் போங்க சார் என்றார்கள். மறுத்துவிட்டேன். வரிசையில் ஏரிக்கரைப் பெண்களும் நால்வர் இருந்தார்கள். என் முறை வந்தபோது தங்கை எழுந்து நின்றார். அண்ணனைக் கண்டால் எழுவது அவருக்குச் சிறு வயது முதல் வழக்கம். நான் உட்கார்ந்த பிறகே உட்கார்ந்தார். மனுவை முழுவதும் படித்தார். என் சொற்களை அவர் குரலில் கேட்டபோது எனக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு தாளைக் கீழே வைத்தார். "அண்ணா, இத நம்ம பேச்சுல சொல்றேன். சரியான்னு சொல்லு. 'ஏரிக்கரைல கீற வூடுங்கள இடிச்சிட்டு ரோடு போடு. எங்க கொல்லைய வுட்டுடு.' இதான நீ கேக்குறது?"

நான் அந்த மனுவில் 'இடி' என்னும் சொல்லையே பயன்படுத்தியிருக்கவில்லை. அதைச் சொன்னேன். அப்படி எழுதவில்லையே என்றேன்.

"எழுதல. கேக்குற."

தங்கையின் கண் என்மேல் இருந்தது. அதில் சினம் இல்லை. "வேற எழுதறியாண்ணா?" என்று மெல்லக் கேட்டார். ஏரிக்கரைப் பெண்கள் நால்வரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வாரியத்தின் பதில் பதிவு அஞ்சலில் வந்தது. மனுவின் நகல், அதன் ஓரத்தில் தங்கையின் கையெழுத்தில் 'ஏற்க இயலாது' என்னும் இரண்டு சொற்கள். அத்தாளை இம்மலரின் அடுத்த பக்கத்தில் அச்சிடச் சொல்லியிருக்கிறேன். தங்கையின் மகள் தயங்கினாள். நான் வற்புறுத்தினேன்.

அடுத்த மார்கழியில் கொல்லையில் இயந்திரம் இறங்கியது. கிணற்றை மூட இரண்டு நாள் ஆயிற்று. நான் தங்கையோடு பேசுவதை நிறுத்தினேன்.

பிறந்த வீட்டிலிருந்து பொங்கல் சீர் அனுப்புவது அண்ணனின் கடமை. அதை நான் நிறுத்தவில்லை. ஆனால் ஆண்டுதோறும் நானே கொண்டுபோய்க் கொடுத்த சீரை அவ்வாண்டு என் துணைவியாரிடம் கொடுத்தனுப்பினேன். சீர் கொண்டுபோன தாம்பாளத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது. வெற்றிலையோ சர்க்கரையோ வைத்துக் கொடுப்பார்கள். தங்கை வெற்றிலை வைத்திருந்தார். வெற்றிலைக்கு அடியில் அலுவலக டோக்கன் ஒன்றும் இருந்தது. எண் ஒன்று.

எனக்கு முகம் சிவந்தது. பார்க்க வேண்டுமானால் வரிசையில் வா என்று என்னைக் குத்துகிறார் என்று எண்ணினேன். துணைவியார் சிரித்தார். "உங்களுக்குன்னு மொத டோக்கன எடுத்து வெச்சிகினு கீது. வந்தா ஒடனே பாக்கலாமாம். சிரிக்கறதுக்குக் குடுத்தா மொறைக்கிறீங்களே." நான் அதை ஏற்கவில்லை. அடுத்த பொங்கலுக்கும் துணைவியார்தான் போனார். தாம்பாளத்தில் மீண்டும் அதே எண்ணுள்ள டோக்கன். அப்போதாவது நான் செருப்பை மாட்டிக்கொண்டு சுங்குவார்சத்திரத்துக்குப் பேருந்து ஏறியிருக்க வேண்டும். அரை மணி நேரப் பயணம் அது. இரண்டு ஆண்டுகள் நான் அதை மேற்கொள்ளவில்லை. இன்று எனக்கு அந்த இரண்டு ஆண்டுகளைத் தவிர வேறு எதுவும் வேண்டியதில்லை.

வாரியப் பதவிக்காலம் முடிந்த சில மாதங்களில் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. செய்தி கேட்ட அன்று துணைவியாருடன் சென்னை மருத்துவமனைக்குப் போனேன். படுக்கையில் மெலிந்து கிடந்தார். என்னைக் கண்டதும் எழ முயன்று, முடியாமல் தலையை மட்டும் உயர்த்தினார்.

"டோக்கன் கொண்டாந்தியா?"

வீட்டில் இருக்கிறது என்றேன்.

"அப்ப வெளிய போயி உக்காரு."

மைத்துனர் திகைத்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சிரித்தேன் என்று துணைவியார் சொல்கிறார். எனக்கு நினைவில்லை.

அதன்பின் நாள்தோறும் போனேன். செய்தித்தாள் படித்துக் காட்டுவேன். நம்ம பேச்சுல சொல்லுண்ணா என்பார். முயன்றேன். நாற்பது ஆண்டு வகுப்பில் பேசிய நடை எளிதில் விடவில்லை. என் தடுமாற்றத்தை அவர் ரசித்தார். சாலையைப் பற்றி நாங்கள் பேசவில்லை. ஒரே ஒரு மாலை, சன்னலைப் பார்த்தபடி அவராகச் சொன்னார். "கெணத்த நெனச்சா மனசு ஒரு மாதிரி ஆவுதுண்ணா. நீ எனக்கு நீச்சல் கத்துக் குடுத்தது அங்கதான." நிலம் எனக்கு மட்டும் போகவில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. கையெழுத்திட்டபோது அவரும் அந்தக் கிணற்றைத்தான் நினைத்திருப்பார். நான் செய்தது பிழை என்று அந்த மாலை சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தேன். மறுநாள் அவர் கண் விழிக்கவில்லை. மூன்றாம் நாள் சுங்குவார்சத்திரத்து வீட்டுக்கு அவரைக் கொண்டுவந்தோம்.

பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை என் கையால் போர்த்தினேன். ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீடு கடைசியாகக் கொடுப்பது அது ஒன்றே. ஷிஃப்ட் முடிந்த பெண்பிள்ளைகள் சீருடையோடு வந்து வரிசையாக நின்றார்கள். இராமநாதபுரம் பக்கத்துப் பெண் ஒருத்தி என்னிடம், "எங்க அம்மா ஊர்ல இருக்காக. இங்க எங்களுக்கு இருந்தது இவுகதான்" என்று சொல்லிவிட்டு வரிசையோடு நகர்ந்தாள்.

ஏரிக்கரைப் பெண்களும் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் என் அருகே வந்து சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன். "நீங்க அன்னிக்கி கோவிச்சிகினு போனதும் எங்களுக்கு பயமாப் போச்சு சார். எங்களால அண்ணன் தங்கச்சி பிரிய வேணாம்னு அம்மாகிட்ட போயி சொன்னோம். 'வூடு உங்களுது, அத நீங்க பாத்துக்கங்க. அண்ணன் என்னுது, அத நான் பாத்துக்கறேன்'னுச்சு."

நான் கேட்டதை மறுத்துவிட்டு, என்னையும் கைவிடாமல் வைத்திருந்த ஒருவரை நான் இரண்டு ஆண்டுகள் காக்க வைத்தேன். இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

நோயுற்ற காலத்தில் தங்கையின் அருகிலிருந்து பணிவிடை செய்த செவிலியர்களுக்கும், ஊதியம் எதிர்பாராமல் சென்னைக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் காரோட்டிய பழைய ஓட்டுநருக்கும், காரியங்கள் முடியும்வரை பந்தலை விட்டு நகராத விடுதிப் பெண்பிள்ளைகளுக்கும், ஏரிக்கரைக் குடும்பத்தாருக்கும், கட்சி வேறுபாடு பாராமல் வந்து அஞ்சலி செலுத்திய அனைவருக்கும் எங்கள் இரு வீட்டாரும் கடமைப்பட்டிருக்கிறோம். ஒருவரையும் பெயர் சொல்லாமல் விட்டது, எவரையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே.

சாலையைப் பற்றிய திருத்தம் பின்வருமாறு. அது எங்கள் வீட்டைக் காக்க வளைக்கப்பட்டது என்று சொல்லப்படுவது தவறு. நேராகப் போயிருந்தால் அது எங்கள் வீட்டையோ நிலத்தையோ தொட்டிருக்காது. வளைக்க வேண்டாம் என்று மனு கொடுத்தவன் நான். அதை மறுத்தவர் என் தங்கை.